மாத்தாள் வந்தாச்சா?

— என்ன கொண்டாந்தே?

— அண்ணே, நான் தான். கதவைத் திற.

— நீ தான்னு குரல்லயே தெரியுது. கேட்டதுக்குப் பதில் சொல்லு. என்ன கொண்டாந்தே?

— தலைவலி கொண்டாந்தேன். விடியறதுக்கு முன்னாடி பஸ் ஏறி, இடுப்பு ஒடிஞ்சு வந்து நிக்கிறேன். கூடப் பொறந்தவளை வாசல்ல நிறுத்தி விசாரணை பண்றியே, நல்லா இருப்பியா நீ?

— முறைன்னு ஒண்ணு இருக்கு, வாயாடி.

— உப்பு! போதுமா? உப்பு, உப்பு, உப்பு! காதுல வாங்க ஊர்ல ஒரு நாய் கூட இல்லை, இன்னும் அடையாளச் சொல் கேட்டுக்கிட்டு இருக்கான்.

— ஒரு தடவை சொன்னாப் போதும். வா, வா. குனிஞ்சு வா, நிலை இடிக்கும். இந்தக் காவல் கூண்டைக் கட்டினவங்க எல்லாம் குள்ளம்.

— இடிச்சாச்சு.

— சொன்னேன்ல? எங்கே, காட்டு. ஒண்ணும் ஆகலை. உட்காரு. ஸ்டூல் ஒண்ணு தான் இருக்கு, நான் பெட்டி மேல உட்கார்றேன். டீ போடட்டுமா?

— வேண்டாம். வாய் கசக்குது.

— கண்ணு ஏன் இப்படிச் சிவந்து கிடக்கு?

— ஜன்னலோர சீட்டு. உன் ஊர் ரோட்டுப் புழுதி மொத்தமும் என் கண்ணுல தான் விழுந்துச்சு.

— என் ஊரா? நீயும் இங்க பொறந்தவ தான்.

— பொறந்தேன். பொழைச்சது வேற இடத்துல. வர்ற வழியில பாத்தேன், அண்ணே. முதல் வரிசைத் தெருவுல ஒரு வீட்டுல கூடப் புகை இல்லையே. தையல்காரர் வீட்டுல யாருமே இல்லையா?

— அவர் மழைக்கு முன்னாடியே போயிட்டார். சாமானெல்லாம் வண்டியில ஏத்திட்டு, தான் மட்டும் ஏறாம நின்னுக்கிட்டே இருந்தார். ஒப்படைக்க ஆள் இல்லையேன்னு ஒரே அழுகை. நான் தான் ஏத்துக்கிட்டேன்.

— எதை?

— வீட்டை. 'நீங்க போங்க, நான் ஏத்துக்கிட்டேன்'னு சொன்னேன். அதுக்கப்புறம் தான் மனுஷன் வண்டியில காலை வச்சார். ஏத்துக்க ஒரு மாத்தாள் இல்லாம எப்படி இடத்தை விட்டுப் போறது? நம்ம ஊர்ல வழக்கமே கிடையாதே.

— ஜவுளிக் கடை?

— ஏத்துக்கிட்டேன்.

— சலூன்?

— அதுவும் தான். கண்ணாடியை மட்டும் கழட்டிக்கிட்டு வந்து இங்க மாட்டினேன், அதோ பாரு. அங்க இருந்தா ரசம் போயிடும்.

— ஸ்கூல்?

— டீச்சர் சாவியோட வந்து நின்னாங்க. எப்படி மாட்டேன்னு சொல்ல முடியும்? காலையில போய் மணி அடிச்சுட்டு வர்றேன்.

— மணி அடிச்சா யார் வர்றா?

— வர மாட்டாங்க. போவாங்க. புறா எல்லாம் படபடன்னு கிளம்பிப் போயிடும்.

— அப்ப ஊர் மொத்தத்துக்கும் நீ ஒருத்தன் தான் காவலா?

— நீ சொல்றப்ப தான் எனக்கே உறைக்குது. தினம் சாயங்காலம் ஒரு சுத்து வர்றேன். ஒவ்வொரு வாசல்லயும் நின்னு, 'எல்லாம் சரியா?'ன்னு கேட்பேன்.

— கேட்டா யாரு பதில் சொல்லுவா?

— நான் தான். கொஞ்சம் குரலை மாத்திப்பேன்.

— அண்ணே...

— சிரிக்கத் தான் சொன்னேன். தையல்காரர் மூக்கால பேசுவார்ல? 'சரிங்க கம்பத்தாரே'ன்னு மூக்கால சொன்னா அவரே உள்ளே இருக்கற மாதிரி இருக்கும். ஜவுளிக் கடைக்காரர் பதிலே சொல்ல மாட்டார், இருமுவார். அதனால அங்க நான் இருமுவேன்.

— எனக்குச் சிரிப்பு வரலை.

— எனக்கு முதல்ல வந்துச்சு, இப்ப வர்றதில்லை. சரி, விடு. ஆஸ்பத்திரியில உன் அண்ணி எப்படி இருக்கா? அதைச் சொல்லாம ஊர்க் கதை பேசிக்கிட்டு இருக்கே.

— நீயாக் கேட்கறியான்னு பாத்தேன்.

— கேட்கலைன்னா நினைக்கலைன்னு அர்த்தமா? இங்க சிக்னல் கிடையாது, உனக்குத் தெரியும். தண்ணித் தொட்டி மேல ஏறினா ஏதோ ஒரு கோடு வரும். முட்டி வலி, ஏறி ரொம்ப நாளாச்சு. வலி எப்படி இருக்கு அவளுக்கு?

— இப்ப வலி இல்லை.

— அப்பாடா! மருந்து கேட்குது. சாப்பிடறாளா?

— நேத்துக் காலையில கொஞ்சம் கஞ்சி குடிச்சாங்க. நான் தான் ஊட்டினேன். 'உப்பு பத்தலை'ன்னாங்க.

— பாத்தியா! நாக்கு சரியா இருக்குன்னா ஆள் தேறிடுவா. கட்டில்ல கிடந்தாலும் குறை சொல்லாம சாப்பிட மாட்டா அவ. என் மக?

— பக்கத்துலயே இருக்கா. அம்மா கிட்ட இருந்து நகரவே இல்லை. அண்ணே, உன்னைக் கூட்டிக்கிட்டுப் போகத் தான் வந்திருக்கேன். பஸ் திரும்பறதுக்குள்ள கிளம்பு.

— எந்த பஸ்?

— எந்த பஸ்ஸா? ஊருக்கு இருக்கறதே ஒரு பஸ். என்னை இறக்கி விட்டது தான். அதோ, டிரைவர் நிழல்ல உட்கார்ந்து சோத்து டப்பாவைத் திறந்துட்டார். அவர் கை கழுவினா வண்டி கிளம்பிடும்.

— இன்னைக்கு முடியாதே.

— ஏன்?

— சாயங்காலம் கம்பத்தை யாரு இறக்கறது?

— அட ராமா! கம்பம், கம்பம்! அந்தத் தடுப்புக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கு, சொல்லு பாப்போம்.

— ரோடு.

— ரோடா? புல்லு முளைச்சு, முள்ளு முளைச்சு, பாம்பு குடித்தனம் நடத்துது. நீ சொல்ற எல்லை இப்ப எங்கே இருக்கு?

— ஒரு பகல் பயணம் தாண்டி. தாத்தா காலத்துலயே பெரியவங்க பேசி நகத்திட்டாங்க.

— எல்லையே நகர்ந்து போயிடுச்சு, நீ நகர மாட்டேங்கறே. சம்பளம் வருதா?

— அது நின்னு போச்சு. சம்பளத்துக்கா நிக்கிறேன்?

— கடைசியா இந்தக் கம்பத்துக்கு அடியில யார் வந்தா?

— போன வாரம் ஒரு ஆடு.

— ஆடு!

— வழி தவறி வந்துடுச்சு, பாவம். 'என்ன கொண்டாந்தே?'ன்னு கேட்டேன். மேன்னுச்சு. விட்டுட்டேன்.

— ஆட்டுக்கு மட்டும் அடையாளச் சொல் வேண்டாமோ? கொள்ளுத் தாத்தா மனுஷங்களை விரட்டினாரே, அவங்களுக்கு ஒரு நியாயம், ஆட்டுக்கு ஒரு நியாயமா?

— அந்தக் கதையை எடுக்காதே.

— எடுப்பேன். இந்த ஊர்ல எல்லாரும் அதைப் பெருமையாச் சொல்லுவாங்க. சின்னப் பொண்ணா இருக்கறப்பவே எனக்கு அதைக் கேட்டா வெட்கமா இருக்கும்.

— என்ன வெட்கம்? அப்ப இது ஊரே இல்லாத எல்லைப் பொட்டல். ஒரு கொடி, ஒரு கம்பம், ஒரு சமையல் பானை, விரல் விட்டு எண்ணிடலாம் அத்தனை சிப்பாய்ங்க. 'மாத்தாள் வர்ற வரைக்கும் இடத்தை விடாதே'ன்னு உத்தரவு. வர்றவனை 'என்ன கொண்டாந்தே?'ன்னு கேட்கணும். 'உப்பு'ன்னா நம்ம ஆளு. வேற எது சொன்னாலும் எதிரி. அவர் அதைத் தானே செஞ்சார்?

— மாத்தாள் வந்தாங்களா இல்லையா?

— வந்தாங்க.

— எப்படி வந்தாங்க?

— அடை மழையில.

— குளிர்ல பல்லு கிட்டிக்கிட்டு. நம்ம சட்டை போட்டுக்கிட்டு, நம்ம பாஷை பேசிக்கிட்டு.

— சட்டையை யார் வேணும்னாலும் போடலாம்.

— கொள்ளுத் தாத்தா என்ன கேட்டார்?

— 'என்ன கொண்டாந்தே?'ன்னு கேட்டார்.

— அவங்க என்ன சொன்னாங்க? சொல்லு, வாயில என்ன கொழுக்கட்டையா?

— 'விளக்கு'ன்னாங்க.

— ஏன்னா அங்க தலைமையிடத்துல சொல்லை எப்பவோ மாத்திட்டாங்க. இங்க வந்து சொல்றதுக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை. இவங்க பழைய உப்பைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க.

— அது அவர் தப்பா?

— இல்லை. மழையில நனைஞ்சு நிக்கிறவன் முகத்தைப் பாக்காம, அவன் வாயில இருந்து விழற வார்த்தையை மட்டும் பாத்தார் பாரு, அது அவர் தப்பு. துப்பாக்கியை நீட்டி விரட்டி விட்டுட்டார். போனவங்க, 'அந்த இடம் எதிரி கைக்குப் போயிடுச்சு'ன்னு போய்ச் சொல்லிட்டாங்க. அன்னைக்கு நின்னுச்சு அரிசியும் துணியும். அதுக்கப்புறம் எந்த மாத்தாளும் வரலை.

— அதனால தானே ஊர் வந்துச்சு! அரிசி நின்னதால தான் விதைச்சாங்க. சமையல்காரர் மேய்க்க வந்தவங்களுக்குச் சோறு போட்டுக் கடை வச்சார். லாடம் அடிக்கறவர் பட்டறை போட்டார். வெடி மருந்துக் கிடங்கு ஸ்கூல் ஆச்சு. சிப்பாய்ங்க நடை பழகின மைதானம் சந்தை ஆச்சு, அப்புறம் பஸ் ஸ்டாண்ட் ஆச்சு. கூடாரம் போட்ட வரிசை எல்லாம் தெருவாச்சு. ஒரு காலத்துல இந்தக் கம்பத்துக்கு முன்னாடி வண்டி வரிசை கட்டி நிக்கும், நீயே பாத்திருக்கே.

— பாத்திருக்கேன். புது ரோடு வேற பக்கம் போச்சு, பின்னாடி வந்து கிடங்கு போட்ட பட்டாளமும் காலி பண்ணிட்டுப் போயிடுச்சு. மறுபடியும் பொட்டல் ஆச்சு. அதையும் சேத்துச் சொல்லு.

— சொன்னா மட்டும்?

— சரி, மாத்தாளை விரட்டினதுக்கு அப்புறம் கழுதையோட ஒருத்தி வந்தாளே, அந்தக் கதையைச் சொல்லு. பாரு, இப்பவே உனக்குச் சிரிப்பு வருது.

— வராதா பின்னே? பொழுது சாயற நேரம். துப்பாக்கியை நீட்டி, 'என்ன கொண்டாந்தே?'ன்னு கத்தியிருக்கார். அவ பாவம், நடுங்கிப் போய் மூட்டையைக் காட்டி, 'உ...உப்புங்க'ன்னா.

— விக்க வந்தவ! அடையாளச் சொல்லாவது, மண்ணாங்கட்டியாவது!

— இவர் கம்பத்தைத் தூக்கி, சல்யூட் அடிச்சு உள்ளே விட்டார். மத்தவங்க எல்லாம், 'என்னடா, கடைசியில மாத்தாள்னு கழுதையை அனுப்பியிருக்காங்க'ன்னு முழிச்சாங்களாம்.

— அவ வயித்துல பொறந்த வம்சம் நாம. நிஜ மாத்தாளை விரட்டிட்டு, உப்புக்காரியை உள்ளே விட்ட வம்சம். தப்புலயே முளைச்சுட்டு இப்ப முறை பேசறே நீ.

— முறையை விட்டா என்கிட்ட வேற என்ன இருக்கு, சொல்லு. இந்தக் கம்பத்தை அப்பா என் கையில கொடுத்துட்டுப் போனார்.

— கொடுத்தாரா? நீ பிடுங்கிக்கிட்டே.

— என்ன பேச்சு பேசறே!

— உள்ளதைப் பேசறேன். அப்பாவுக்கு உயிர் போகாம இழுத்துக்கிட்டே இருந்துச்சு. 'மாத்தாள் வந்தாச்சா? மாத்தாள் வந்தாச்சா?'ன்னு ஒரே புலம்பல். இந்த ஊர்ல தான் யாராவது 'ஏத்துக்கிட்டேன்'னு சொன்னாத் தானே உயிரு கூடப் போகும்? நான் தான் கட்டில் பக்கத்துல நின்னேன். 'ஏத்து...'ன்னு வாயைத் திறந்தேன். நீ வாசல்ல இருந்து ஓடி வந்து முழுசாச் சொல்லிட்டே.

— ஏன்னு உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.

— எது?

— உனக்கு அப்ப நல்ல இடத்துல இருந்து கேட்டு வந்திருந்தாங்க. நீ அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா, கல்யாணம் ஆகாம இந்தக் கூண்டுலயே கிடந்திருப்பே. ஒரு வார்த்தை தானே, நான் முந்திக்கிட்டேன்.

— இத்தனை வருஷத்துல இதை ஒரு தடவை கூடச் சொன்னதில்லையே நீ.

— நீ கேட்டதில்லையே.

— இவ்வளவு பாசம் வச்சிருக்கறவன், என் வீட்டுக்காரர் போனப்ப ஏன் அண்ணே வரலை?

— கம்பத்தை...

— தெரியும். யாரு இறக்கறதுன்னு. நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன். யாரோ வந்தாங்க, யாரோ தூக்கினாங்க. எல்லாரும் போனதுக்கு அப்புறம் அந்த முன் ரூம்ல தனியா உட்கார்ந்திருந்தேன். இப்பவும் அந்த ரூம் காலியாத் தான் கிடக்கு. தனியா இருக்கறது என்னன்னு எனக்கும் தெரியும். நான் குரலை மாத்திப் பேசறதில்லை, அவ்வளவு தான்.

— என்னைக் கொல்றே, வாயாடி.

— எனக்கு வராட்டிப் போகட்டும், கூடப் பொறந்தவ, பொறுத்துப்பேன். அண்ணிக்கு என்ன பதில் சொல்லுவே? அவங்களும் ஆஸ்பத்திரியில அதையே தான் கேட்டுக்கிட்டு இருந்தாங்க.

— எதை?

— 'மாத்தாள் வந்தாச்சா?'

— அவளா கேட்டா?

— வாயைத் திறந்தாலே அது தான். டாக்டருக்குப் புரியலை, நர்சுக்குப் புரியலை. ஷிப்ட் மாறி வந்த ஒரு பொண்ணு நல்ல மனசோட, 'வந்தாச்சும்மா, நான் தான் மாத்தாள்'னா. அண்ணி அவளை ஏற இறங்கப் பாத்துட்டு, 'என்ன கொண்டாந்தே?'ன்னாங்க.

— ஹா! அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?

— 'ஊசி'ன்னா.

— ஐயையோ!

— அண்ணி முகத்தைத் திருப்பிக்கிட்டாங்க. அன்னைக்கு முழுக்க அவ கையால தண்ணி கூடக் குடிக்கலை.

— அவ இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவ. வந்த புதுசுல இதெல்லாம் பாத்து, 'என்ன பைத்தியக்கார ஊரு இது'ன்னு சிரிப்பா. அவ ஏன் மாத்தாளைக் கேட்கறான்னு எனக்குத் தெரியும். எனக்காகக் கேட்கறா.

— உனக்கா?

— மக பிரசவத்துக்குன்னு பஸ் ஏறினாளே, அன்னைக்கு. இதோ, இந்தப் படியில நின்னு, 'ஒரு தடவை நீங்களும் வாங்களேன்'னா. சாயங்காலம் கம்பத்தை யாரு இறக்கறதுன்னு கேட்டேன். அவளுக்குக் கோபமே வரலை. சிரிச்சா. 'சரி, நான் போய் மாத்தாள் அனுப்பறேன், அப்பவாவது வாங்க'ன்னா. பஸ் வளைவு திரும்பற வரைக்கும் கையை வெளியே நீட்டிக்கிட்டே போனா. அப்புறம் பேரனைப் பாத்துக்க ஆள் வேணும்னாங்க, அப்புறம் அவளுக்கே உடம்புக்கு வந்துடுச்சு. திரும்பி வரவே இல்லை.

— அதுக்கப்புறம் உன் மக வந்து கூப்பிட்டா. மாப்பிள்ளை கார் எடுத்துக்கிட்டு வந்தார். நீ என்ன சொன்னே?

— மாப்பிள்ளைக்கு அடையாளச் சொல் கூடத் தெரியலை. கேட்டா, 'பழம் கொண்டாந்தேன் மாமா'ங்கறார்.

— விரட்டிட்டே.

— விரட்டலை. டீ கொடுத்து அனுப்பினேன்.

— கொள்ளுத் தாத்தா துப்பாக்கியைக் காட்டினார், நீ டீயைக் காட்டினே. வேற என்ன வித்தியாசம்? உன்னைக் கூட்டிக்கிட்டுப் போக வந்த ஒவ்வொருத்தரும் உனக்கு மாத்தாள் தான், அண்ணே. அவங்க முகத்தைப் பாக்காம வார்த்தையைப் பாத்தே.

— போதும்.

— போதாது. உப்பு உப்புன்னு காவல் காக்கறியே, 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை'ன்னு கேள்விப்பட்டிருக்கியா? இத்தனை வருஷம் உனக்கு உப்புப் போட்டுச் சோறு போட்டது இந்தக் கம்பமா, அந்த மனுஷியா?

— அக்கா! கண்டக்டர் கூப்பிடறேன்க்கா! வண்டி திரும்பியாச்சு, வந்து ஏறுங்க!

— இதோ வந்துட்டேன் தம்பி! எங்க அண்ணன் கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டு வர்றேன்னு டிரைவர் கிட்ட சொல்லுப்பா!

— கம்பத்தாரும் வர்றாரா? வந்தா ரைட்டு, வராட்டியும் ரைட்டு. நான் இந்த ரூட்டுக்கு வந்ததுல இருந்து அவர் இந்தப் படியில கால் வச்சு நான் பாத்ததில்லைக்கா. டிரைவர் கிட்ட இருங்கன்னு சொல்றேன், சீக்கிரம்!

— கேட்டியா, அண்ணே? டிக்கெட் கொடுக்கற பையனுக்குக் கூட உன் கதை தெரிஞ்சிருக்கு.

— எனக்கு உட்காரணும் போல இருக்கு.

— உட்கார்ந்து தான் இருக்கே. எழுந்திரு. என்னைக் கேளு.

— என்னன்னு?

— என்னன்னு உனக்குத் தெரியாதா? முறைப்படி கேளு.

— நீயா? நீ இங்க இருக்கப் போறியா? இந்தக் கூண்டுலயா?

— முதல்ல கேளு.

— என்ன கொண்டாந்தே?

— உப்பு.

— யார் அனுப்பினது?

— அண்ணி.

— அவளா சொல்லி அனுப்பினா? 'மாத்தாளா நீ போ'ன்னு அவ வாயாலயே சொன்னாளா?

— அவங்க வாயாலயே சொன்னாங்க. ஒப்படை.

— இரு. கம்பம் ஒண்ணு. கூண்டு ஒண்ணு. ஸ்கூல் சாவி இதுல இருக்கு, ஜவுளிக் கடைச் சாவி கொஞ்சம் முரண்டு பிடிக்கும், இடது பக்கமாத் திருப்பணும். சலூன் கண்ணாடி ஒண்ணு. தையல்காரர் வீட்டுக் கூரை ஒழுகுது. இடத்தை... இடத்தை உன்கிட்ட ஒப்படைக்கிறேன்.

— ஏத்துக்கிட்டேன். நீ போ.

— அப்பாவுல இருந்து எல்லாருக்கும் நான் தான் இந்த வார்த்தையைச் சொன்னேன், எனக்கு யாரும் சொன்னதில்லை.

— அழாதே. இப்ப இது யார் காவல்?

— உன் காவல்.

— அப்ப என் உத்தரவைக் கேளு. வெளியே போய் அந்தக் கம்பத்தைத் தூக்கி, கயித்தை நல்லா முடிச்சுப் போட்டுக் கட்டு. இனிமே அது இறங்காது.

— இறங்காதா? அப்ப காவல்?

— என் காவல்ல அது மேலேயே தான் இருக்கும். ஆடு வரட்டும், ஆள் வரட்டும், பேய் வேணும்னாலும் வரட்டும். 'என்ன கொண்டாந்தே, என்ன கொண்டாந்தே'ன்னு கேட்டுக் கேட்டு, வர்றதுக்கு ஆளே இல்லாமப் போச்சு. கட்டிட்டு, கூண்டைப் பூட்டிட்டு வா. நானும் உன் கூடத் தான் பஸ்ல வர்றேன்.

— கள்ளி! ஏத்துக்கிட்டு இடத்தை விட்டுட்டுப் போறியே!

— உப்புக்காரி வம்சம் நான். எனக்கு முறை தெரியாது. என்ன, சொன்னது கேட்கலையா?

— கேட்டுச்சு, கேட்டுச்சு. உத்தரவுன்னா உத்தரவு... இந்தா, கட்டியாச்சு. பாரேன், மேலே போனதும் எவ்வளவு உயரம்! பகல்ல தூக்கறப்ப எல்லாம் எப்ப இறக்கணும்ங்கறதே நினைப்பு. நிமிர்ந்து பாத்ததே இல்லை.

— அண்ணே, நேரமாகுது.

— இரு, இந்தப் பரட்டைத் தலையோட போனா அவ திட்டுவா. கண்ணாடியில சீப்பை ஒரு இழு இழுத்துக்கறேன். அந்த நீலச் சட்டை எங்கே? அவளுக்கு அது தான் பிடிக்கும். காலர் நைஞ்சிருக்கு, பரவாயில்லை, மடிச்சு விட்டாத் தெரியாது. பேரன் என்னை அடையாளம் கண்டுபிடிப்பானா? போட்டோவுல பாத்திருப்பான்ல?

— கண்டுபிடிப்பான்.

— அந்த டப்பாவை எடு. அது இல்லை, மூடி உடைஞ்சது.

— எதுக்கு?

— உப்பு. ஒரு பொட்டலம் கட்டிக்கறேன். ஆஸ்பத்திரிக் கஞ்சியில பத்தலைன்னு சொன்னாள்ல? அதுவும் இல்லாம, நான் போய் நின்ன உடனே கேட்பா பாரு, 'என்ன கொண்டாந்தே?'ன்னு. இத்தனை வருஷம் ஊரையே கேட்டவன், என் முறை வர்றப்ப வெறுங்கையோட நிக்கலாமா? ஹூம்... அவ கேட்கணும், நான் சொல்லணும்.

— அக்கா! ரைட்டு சொல்லட்டுமா?

— ஒரே நிமிஷம் தம்பி! அண்ணன் வர்றார்!

— கண்டக்டர் பையன் முகத்தைப் பாரு, பேயைப் பாத்த மாதிரி நிக்கிறான். சரி, வா. அந்த முதல் மேட்டுல சிக்னல் வரும்னு சொல்லுவாங்க. அங்க போனதும் போன் போட்டு என் காதுல கொடு. நான் கம்பத்தை விட்டுட்டு வர்றேன்னு என் வாயால அவளுக்குச் சொல்லணும். நம்ப மாட்டா. என்ன, ஏன் நின்னுட்டே? இப்ப எதுக்கு அழறே? அதான் கிளம்பிட்டேனே!

— அண்ணே, நீயாக் கிளம்பற வரைக்கும் ஒண்ணை மட்டும் சொல்லக் கூடாதுன்னு அண்ணி என்கிட்ட சத்தியம் வாங்கினாங்க. 'எனக்காகன்னு அவர் ஒரு தடவை அந்தப் படி இறங்கணும், அதை நீ கண்ணால பாக்கணும்'னாங்க. பாத்துட்டேன்.

— என்ன புதிர் போடறே? எதைச் சொல்லக் கூடாதுன்னா? மாத்தாள் கேட்டதையா? அது தான் எனக்குன்னு அப்பவே சொன்னேனே.

— உனக்கில்லை, அண்ணே. அவங்களுக்கு. நேத்து சாயங்காலம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என்ன கொண்டாந்தே?'ன்னாங்க. 'உப்பு'ன்னேன். 'அப்ப அவரை உன்கிட்ட ஒப்படைக்கிறேன்'னாங்க. 'ஏத்துக்கிட்டேன் அண்ணி, நீங்க போங்க'ன்னு சொன்னேன்... சொன்னதும் கையை விட்டுட்டாங்க.